ஐஸ் கட்டுகிறதே என்று இருந்துவிடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் பகுதிவாரியாக வரும் 'நாளைய மின்தடை' அறிவிப்பைப் பல வீடுகளில் தவறாமல் பார்க்கிறார்கள். பார்த்ததும் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புகிறார்கள், இட்லிக்கு முன்கூட்டியே அரைத்துவிடுகிறார்கள், போன்களை சார்ஜில் போடுகிறார்கள். ஃபிரீசரைப் பற்றி மட்டும் யாரும் யோசிப்பதில்லை. அந்த அறிவிப்பின் அடியில் ஃபிரீசருக்காக இரண்டு வரி சேர்த்து வெளியிட வேண்டும் என்று கேட்டே இதை எழுதுகிறோம். அந்த வரிகள் எதற்கு என்பதைச் சொல்லக் கொஞ்சம் இடம் பிடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபிரீசர் ஒழுங்காக இருக்கிறதா என்று எந்த வீட்டில் கேட்டாலும் 'ஐஸ் கட்டுதே!' என்பதுதான் பதில். தண்ணீர் 0 டிகிரியில் உறையும். மைனஸ் 3 டிகிரியிலும் ஐஸ் கட்டும், மைனஸ் 18-லும் கட்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் மீனுக்கும் கறிக்கும் அப்படியில்லை.

மீனிலும் கறியிலும் உள்ள நீர் சுத்தத் தண்ணீர் அல்ல. உப்பும் புரதமும் கலந்தது. அது மைனஸ் 1 டிகிரியை ஒட்டி உறையத் தொடங்கி, மைனஸ் 5-க்குள் ஏறத்தாழ முக்கால் பங்கு உறைந்துவிடும். மீதி உறையாமல் உள்ளேயே கிடக்கும். தொட்டால் கல்லாகத் தெரியும். ஆனாலும் உள்ளே கெடுக்கும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். மைனஸ் 10-க்குக் கீழே போனால் கிருமிகள் பெருகுவது நின்றுவிடும். சாகாது, தூங்கும், அவ்வளவுதான். கொழுப்பு சிக்கு பிடிப்பது அதற்குப் பிறகும் மெதுவாகத் தொடரும். அதனால்தான் உறைந்த உணவுக்கு உலகெங்கும் மைனஸ் 18 என்று வைத்திருக்கிறார்கள். பாக்கெட் பட்டாணி, பரோட்டா, ஐஸ்கிரீம் எதை எடுத்துப் பார்த்தாலும் பின்பக்கம் 'மைனஸ் 18 டிகிரியிலோ அதற்குக் கீழோ வைக்கவும்' என்று பொடி எழுத்தில் இருக்கும். அந்த வரி வாங்குபவருக்கும் சேர்த்துத்தான்.

அடுத்த குழப்பம் ஸ்டார். கடையில் 'அஞ்சு ஸ்டார் ஃபிரிட்ஜ்' என்று சொல்லி விற்கிறார்கள். அது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. 2006-இல் தொடங்கிய லேபிளில் உள்ள ஸ்டார். மின்சாரம் எவ்வளவு மிச்சமாகும் என்பதை மட்டும் சொல்லும். குளிரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. குளிருக்கு வேறொரு நட்சத்திரக் குறி உண்டு. பனிப்பூ போல ஆறு முனையோடு ஃபிரீசர் கதவிலோ கையேட்டிலோ சிறிதாக அச்சிட்டிருப்பார்கள். ஒன்று இருந்தால் மைனஸ் 6, இரண்டு மைனஸ் 12, மூன்று மைனஸ் 18. ஒரு பெரிய குறியோடு மூன்று சின்னக் குறி சேர்ந்து நான்காக இருந்தால் மைனஸ் 18-ஐத் தாங்குவதோடு, புதிதாக வைக்கும் பொருளையும் அந்த அளவுக்கு உறையவைக்கத் திறன் உண்டு என்று பொருள். ஏற்கெனவே உறைந்த உணவு ஒற்றைக் குறியில் சுமார் ஒரு வாரம், இரட்டையில் ஒரு மாதம், மூன்றில் மூன்று மாதம் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. பி.இ.இ. லேபிளில் ஐந்து ஸ்டார் வாங்கிய ஃபிரிட்ஜின் ஃபிரீசர் ஒற்றைக் குறியாக இருக்கலாம். அதில் தவறொன்றும் இல்லை. வாங்குபவரிடம் சொல்லாமல் விற்பதுதான் தவறு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கு முன்பே வஞ்சிரமும் இறாலும் வாங்கி அடுக்கிவைப்பவர்கள் முதலில் தங்கள் ஃபிரீசரில் எத்தனை குறி என்று பார்க்க வேண்டும். ஒற்றைக் குறிப் பெட்டியில் 61 நாள் என்பது நடக்காத காரியம்.

சரி, நம் வீட்டு ஃபிரீசர் இப்போது எத்தனை டிகிரியில் இருக்கிறது? கையை விட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரும் உதவாது, அது 35 டிகிரியிலிருந்துதான் காட்டும். வயர் முனையில் சென்சார் உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சென்சாரைக் காற்றில் தொங்கவிடாதீர்கள். கதவைத் திறந்த நொடியில் காற்றின் சூடு ஏறிவிடும், பொருளின் சூடு ஏறாது. நன்றாக உறைந்த இரண்டு பாக்கெட்டுகளுக்கு நடுவில் சென்சாரைச் செருகி, வயர் கேஸ்கெட் (கதவோர ரப்பர்) வழியே தட்டையாக வரும்படி கதவை மூடி, 24 மணி நேரம் விட்டுப் பாருங்கள். கீழ்த்தட்டுக்கு ஒரு டம்ளர் தண்ணீரில் சென்சாரை இரவு முழுக்க வைத்துப் பார்த்தால் போதும். அங்கே 2-லிருந்து 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

தெர்மாமீட்டர் வாங்க முடியாதவர்கள் உப்பை வைத்தே அளக்கலாம். மூடியுள்ள சிறிய பிளாஸ்டிக் டப்பா மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 100 மில்லி தண்ணீர். முதல் டப்பாவில் 11 கிராம் தூள் உப்பு, இரண்டாவதில் 19 கிராம், மூன்றாவதில் 27 கிராம். கல் உப்பு வேண்டாம், அதில் ஈரம் இருக்கும், எடை ஏமாற்றும். ஸ்பூன் கணக்கும் வேண்டாம், தராசில் போட்டே எடுங்கள். அடியில் உப்பு நிற்காதபடி கலக்கி, மூடியில் அளவை எழுதி, ஒரு பகல் ஒரு இரவு ஃபிரீசரில் விடுங்கள். முதல் டப்பா மைனஸ் ஆறரையை ஒட்டியும், இரண்டாவது மைனஸ் 12-ஐ ஒட்டியும், மூன்றாவது மைனஸ் 18-ஐ ஒட்டியும் உறையத் தொடங்கும். உப்புத்தண்ணீர் கண்ணாடி போல இறுகாது. கரும்புச்சாற்றில் ஐஸைப் பொடித்துப் போட்டதுபோல நொறநொறவென்று ஸ்பூனில் தட்டுப்பட்டாலே உறையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சில நேரம் உறைய வேண்டிய குளிருக்குக் கீழே போயும் அசையாமல் தண்ணீராகவே நிற்கும். அப்போது ஃபிரீசர் சுவரில் படிந்த பனித்தூளை விரல் நுனியால் ஒரு சிட்டிகை எடுத்துப் போடுங்கள். குளிர் போதுமென்றால் அந்தச் சிட்டிகையைச் சுற்றி ஐஸ் படரும். போதாதென்றால் அது கரைந்து காணாமல் போகும். முதல் டப்பா மட்டும் உறைந்து மற்ற இரண்டும் தண்ணீராக இருந்தால், உங்கள் ஃபிரீசர் மைனஸ் 7-க்கும் 12-க்கும் இடையில் நிற்கிறது.

அளந்து பார்த்தபின் குளிர் குறைவாக இருந்தால் எல்லோரும் உடனே செய்வது குமிழைக் கடைசி எண்ணுக்குத் திருப்புவது. குமிழில் உள்ள 1 முதல் 7 வரையான எண் டிகிரி அல்ல. கம்ப்ரஸர் எப்போது நின்று எப்போது ஓட வேண்டும் என்பதற்கான அளவு. எண் கூடினால் குளிர் கூடும். சிங்கிள் டோர் ஃபிரிட்ஜில் மேலே இருக்கும் ஃபிரீசர் பெட்டிதான் மொத்த ஃபிரிட்ஜுக்கும் குளிர் தருகிறது. அங்கிருந்து இறங்கும் குளிர்காற்றுதான் கீழ்த்தட்டுகளுக்குப் போகிறது. குமிழும் ஒன்றுதான். ஐஸுக்காக 7-இல் வைத்தால், அதற்கு நேர் கீழே உள்ள தட்டு 0-க்குக் கீழே போய்விடும். கீரையும் தக்காளியும் உறைந்து கருகினால் காசோடு போயிற்று. அதே தட்டில் சர்க்கரை நோயாளியின் இன்சுலின் இருந்தால் என்ன ஆகும்? இன்சுலின் 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. ஒருமுறை உறைந்துவிட்டால், பிறகு உருகித் தெளிவாகத் தெரிந்தாலும் அதைப் போடக் கூடாது. இன்சுலின் இருக்கும் வீட்டில் குமிழைத் திருப்பும் முன் அந்தப் பெட்டியை நடுத்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். இதைச் சற்று அழுத்தியே சொல்கிறோம். சுற்றுமுற்றும் பலர் வீட்டில் அது ஃபிரீசருக்கு அடியில் உள்ள சில் ட்ரேயில்தான் இருக்கிறது.

குமிழை ஒரு எண்தான் மாற்ற வேண்டும். மாற்றியபின் 24 மணி நேரம் கழித்துத்தான் மறுபடி அளக்க வேண்டும். பெரும்பாலான நாள்களுக்கு 3 அல்லது 4 போதும்.

எண்ணைக் கூட்டியும் குளிர் வரவில்லை என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. சிங்கிள் டோரில் ஃபிரீசர் பெட்டிக்குள் பனி எங்கே படிந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். நான்கு பக்கமும் ஒரே சீராகப் படிந்திருந்தால் குளிர்தரும் கேஸ் சரியாக இருக்கிறது. ஒரு மூலையில் மட்டும் வெள்ளையாகக் கட்டி, மற்ற இடம் வெறும் ஈரமாக இருந்து, கம்ப்ரஸர் நிற்காமல் ஓடிச் சுட்டால் கேஸ் குறைந்திருக்கிறது. அந்த மூலையில் வைத்த தட்டில் ஐஸ் கட்டும். அதைப் பார்த்து வீட்டில் இருப்பவர்கள் மாதக்கணக்கில் திருப்தியாக இருந்துவிடுவார்கள்.

பனி அரை சென்டிமீட்டர் தடித்தாலே எடுத்துவிட வேண்டும். பனி ஒரு கம்பளி மாதிரி. உலோகத்தின் குளிரைப் பொருளுக்குப் போகவிடாது. குமிழின் நடுவில் உள்ள டீஃப்ராஸ்ட் பட்டனை அழுத்துங்கள், அல்லது ஃபிரிட்ஜை அணைத்துக் கதவைத் திறந்துவையுங்கள். அவசரமென்றால் அணைத்தபின் ஒரு பாத்திரத்தில் சுடுதண்ணீரை மடித்த துணியின் மேல் உள்ளே வைத்து மூடினால் கால் மணி நேரத்தில் பனி பாளமாகக் கழன்று வரும். கத்தி, ஸ்க்ரூ டிரைவர், கரண்டிக் காம்பு எதையும் உள்ளே கொண்டுபோகாதீர்கள். அந்தப் பெட்டி இரண்டு அலுமினியத் தகட்டை ஒட்டி, நடுவில் கேஸ் ஓடும் வாய்க்கால்களோடு செய்தது. ஊசி நுழையும் ஓட்டை போதும், 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம், கேஸ் முழுக்கப் போய்விடும். ஒட்டிக் கேஸ் ஏற்றும் செலவு பெரிது, ஒட்டு நிலைப்பதும் சந்தேகம். புதிய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் உள்ள ஆர்600ஏ என்பது ஐசோபியூட்டேன், சமையல் கேஸின் இனம், தீப்பிடிக்கக் கூடியது. அப்படிச் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்துவிடுங்கள்.

இரண்டு கதவு உள்ள, பனியைத் தானே உருக்கிக்கொள்ளும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜில் கதை வேறு. 'மேலே ஐஸ் கட்டுது, கீழே பால் புளிக்குது' என்ற புகார்தான் அதில் அடிக்கடி வருவது. 'காயில்' என்கிற குளிர்தரும் குழாய்ச்சுருள் ஃபிரீசரின் பின்சுவர்ப் பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. ஒரு சின்ன ஃபேன் அந்தக் குளிரை ஊதி மேலேயும், குழாய் வழியே கீழேயும் அனுப்புகிறது. காயிலில் படியும் பனியை உருக்க ஒரு ஹீட்டர் உண்டு. அதை நேரத்துக்குப் போட ஒரு டைமரோ போர்டோ, உருகியதும் அணைக்க பைமெட்டல் என்ற ஒரு சூட்டு ஸ்விட்சும் இருக்கும். இந்த மூன்றில் ஒன்று போனாலும் பனி உருகாது. நாளுக்கு நாள் தடித்துக் காற்றுப்பாதையை அடைக்கும். முதலில் கீழே குளிர் குறையும். ஃபிரீசர் மைனஸ் 5, 6-இல் இன்னும் சில நாள் ஐஸ் கட்டிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் குமிழைக் கூட்டினால் கம்ப்ரஸர் இன்னும் ஓடும், பனி இன்னும் தடிக்கும், நோய் முற்றும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரீசரின் பின்சுவரில் வெள்ளையாகப் பனி பூத்திருந்தால் அதுதான் அடையாளம். பொருளை எல்லாம் எடுத்துவிட்டு, இரண்டு கதவையும் திறந்து ஒரு நாள் அணைத்து வைத்தால் பனி உருகிச் சரியாகிவிடும். ஒரு வாரம், பத்து நாளில் அதே தொல்லை திரும்பினால் டீஃப்ராஸ்ட் பாகத்தில்தான் கோளாறு. மெக்கானிக் வந்ததும் 'கேஸ் ஏத்தணும்' என்று தொடங்கினால், ஹீட்டரையும் பைமெட்டலையும் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இதே வகை ஃபிரிட்ஜில் பைகளைப் பின்சுவரில் முட்டும்படி திணிப்பதும் காற்றை அடைக்கும். இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

கதவின் கேஸ்கெட்டை எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சள் கறையும் கெடுக்கின்றன. ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் குளிர் ஒழுகுகிறது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மடிப்புக்குள் துடைத்தாலே பாதி கேஸ்கெட் பிழைத்துக்கொள்ளும்.

ஃபிரிட்ஜ் நிற்கும் இடமும் முக்கியம். பின்பக்கத் தகட்டில் 'டி' என்று எழுதியிருந்தால் 16 முதல் 43 டிகிரி வரையுள்ள அறைக்கு, 'எஸ்டி' என்றால் 38 வரைக்கு, 'என்' என்றால் 32 வரைக்கு. அக்கினி நட்சத்திரத்தில் வேலூரிலும் திருச்சியிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, சுவரோடு சுவராக ஒட்டிவைத்த ஃபிரிட்ஜ் நாள் முழுக்க ஓடியும் மைனஸ் 18-ஐத் தொடாது. பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள், மேலே துணி போட்டு மூடாதீர்கள். ஊட்டி, கொடைக்கானலில் இதற்கு நேர் எதிரான சிக்கல். மார்கழி இரவில் அறையே 10 டிகிரிக்கு வந்துவிட்டால், கீழ்த்தட்டில் தெர்மோஸ்டாட் உள்ள ஃபிரிட்ஜ் 'குளிர் போதும்' என்று கம்ப்ரஸரை ஓட்டாது. மேலே ஃபிரீசரில் கறி இளகும். அங்கே வாங்குபவர்கள் 'எஸ்என்' என்று 10 டிகிரி வரை தாங்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

புதிதாக எதையும் உறையவைக்கும்போது அளவு பாருங்கள். நான்கு குறி ஃபிரீசரே நாளொன்றுக்கு 100 லிட்டர் கொள்ளளவுக்கு நாலரைக் கிலோவைத்தான் உறையவைக்கும். சிங்கிள் டோரின் சின்னப் பெட்டியில் பக்ரீத் அன்று வந்த மூன்று, நான்கு கிலோ கறியை ஒரே பையில் திணித்தால் வெளிப்புறம் இறுகி, நடுப்பகுதி மறுநாளும் குளிர்ந்த பச்சைக் கறியாகவே இருக்கும். ஏற்கெனவே உள்ளே இருந்ததும் இளகும். அரைக் கிலோவாகப் பிரித்து, ஒரு அங்குலம் தடிமனுக்குத் தட்டி, காற்றை அழுத்தி வெளியேற்றி, பெட்டியின் உலோகச் சுவரைத் தொடும்படி ஒன்றன்மேல் ஒன்று வைக்காமல் வையுங்கள். இறுகியபின் அடுக்கிக்கொள்ளலாம். மிச்சத்தை அக்கம்பக்கத்து ஃபிரீசர்களில் பங்கிடுவது நல்லது. மெதுவாக உறைந்தால் ஐஸ் படிகங்கள் பெரிதாக வளர்ந்து சதையைக் கிழிக்கும். உருக்கும்போது தட்டில் தேங்கும் சிவந்த நீர் அதனால்தான் வருகிறது, ருசியும் அதோடு போகிறது.

மத்தி, அயிலை, சூரை மீன்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். எண்ணெய் அதிகம் என்பதால் மைனஸ் 18-லும் இரண்டு, மூன்று மாதத்துக்கு மேல் சிக்கு வாடை வந்துவிடும். இவை வெளியில் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். அது மறுபடி உறையவைத்தாலும் போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது. முகம் சிவந்து, தடிப்பு, தலைவலி என்று வந்து நிற்கும். உருகிப்போன சூரையைக் குழம்பு வைத்துச் சரிசெய்ய முடியாது என்பதை மனத்தில் வையுங்கள்.

வேலைக்குப் போகும் தாய்மார் தாய்ப்பாலை எடுத்துவைக்கத் தனிக் கதவும் மைனஸ் 18-உம் உள்ள ஃபிரீசர் தேவை. அங்கே ஆறு மாதம் வரை வைக்கலாம். கதவுத்தட்டில் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள். உருக்கியதை மீண்டும் உறையவைக்கக் கூடாது. சிங்கிள் டோரின் பெட்டியை இதற்கு நம்ப வேண்டாம்.

கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவு முழுவதும் ஃபிரிட்ஜை அணைத்து வைக்கும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. எட்டு மணி நேரத்தில் சின்ன ஃபிரீசர் பெட்டி உறைநிலைக்கு மேலே வந்துவிடும். காலையில் மறுபடி அதை இறுக்க கம்ப்ரஸர் ஒரே மூச்சாக ஓடும், எதிர்பார்த்த மிச்சம் கிடைக்காது. உள்ளே இருந்த மீன் தினமும் ஒருமுறை இளகி ஒருமுறை இறுகும். தயவுசெய்து அணைக்காதீர்கள்.

மின்தடைக்கு வருவோம். நன்றாக நிரம்பிய பெரிய ஃபிரீசர் மூடியபடி இருந்தால் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிரம்பியது 24 மணி நேரம். சிங்கிள் டோர் பெட்டிக்கு அந்தக் கணக்கு செல்லாது, சில மணி நேரம்தான். கீழ்த்தட்டு நான்கு மணி நேரம். காலை 9 மணிக்குப் போய் மாலையில் வரும் பராமரிப்பு மின்தடையில் சின்னப் பெட்டிக்கு உதவுவது முந்தைய நாளே உறையவைத்த தண்ணீர் பாட்டில்கள்தான். கரண்ட் வந்தபின் உள்ளே ஐஸ் துகள் மிச்சமிருந்தால் மறுபடி உறையவைக்கலாம், ருசி குறையும், உடம்புக்குக் கெடுதல் இல்லை. முழுக்க இளகி, 5 டிகிரிக்கு மேலே போய் இரண்டு மணி நேரம் தாண்டியிருந்தால் மீன், கறி, பால் பொருள்களைக் கொட்டிவிட வேண்டும். மோந்து பார்த்து முடிவு செய்யக் கூடாது. நோய் தரும் கிருமி பலவற்றுக்கு வாடை கிடையாது. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் பல கிராமங்கள் நாள்கணக்கில், சில இடங்கள் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் முதல் நாளிலேயே எடுத்துச் சமைத்து நாலு வீட்டுக்குக் கொடுத்துவிடுவதுதான் வழி.

மின்தடை அறிவிப்பின் அடியில் போடும்படி நாங்கள் கேட்கும் வரிகள் இவை:

'இன்றிரவே ஃபிரீசரின் காலி இடங்களில் முக்கால் பாகம் நிரப்பிய தண்ணீர் பாட்டில்களை வைத்து உறையவிடுங்கள். ஒரு டம்ளரில் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டு, கரண்ட் வரும்வரை கதவைத் திறக்காதீர்கள்.

கரண்ட் வந்தபின் நாணயம் மேலேயே இருந்தால் பயமில்லை. டம்ளரின் பாதிக்கோ அடிக்கோ இறங்கியிருந்தால், முழுக்க இளகிக் குளிர் போய்விட்ட மீன், கறி, ஐஸ்கிரீமைப் பயன்படுத்த வேண்டாம்.'

இப்படிக்கு,
ஃபிரிட்ஜ், ஏ.சி. பழுதுபார்க்கும் தொழிலாளர்கள்,
திருச்சிராப்பள்ளி.